முந்தி நின்ற மரம்

ஒருவனுடைய மரத்தை ஊர் நன்மைக்காக வெட்டலாமா என்று கேட்டால், வெட்டலாம் என்று பதில் சொல்ல நமக்கு அதிக நேரம் ஆவதில்லை. மரம் நம்முடையதாக இல்லாத வரையில்.

கீழப்பழுவூரில் கோயில் கொண்டிருக்கும் ஈசுவரனுக்கு ஆலந்துறையார் என்று பெயர். ஆலமரத்தை வைத்துத் தெய்வத்துக்கே அடையாளம் சொன்ன ஊர். அந்த ஊர்க் குடியானவர் ஒருவருக்கு இரண்டு ஏக்கர் முந்திரித் தோப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அரியலூர்ச் சீமையில் இது ஒன்றும் அதிசயமான கற்பனை அல்ல. தோப்புக்கு மேலே மின்சாரக் கம்பி போகிறது. பங்குனி பிறந்ததும் ஆட்கள் அரிவாளோடு வருகிறார்கள். "கம்பியிலே கிளை உரசுதுங்க. தீப்பிடிச்சா யாருங்க பொறுப்பு?" என்கிறார்கள். அவர் என்ன சொல்ல வேண்டும்?

வந்தவர்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது; அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். முந்திரிச் சருகு அந்த மாதத்தில் மெத்தை போலக் கிடக்கும். வெயிலாலும், உள்ளே ஓடும் மின்சாரத்தின் சூட்டாலும் கம்பி நீண்டு தொய்கிறது. காலையில் கிளைக்கு எட்டாமல் இருந்த கம்பி பிற்பகலில் எட்டிவிடும். ஒரு பொறி போதும். தீ வேலியைப் பார்த்து நிற்பதில்லை. பக்கத்துத் தோப்புக்காரர் என்ன பாவம் செய்தார்? ஆகவே, 'என் மரம், என் இஷ்டம்' என்ற வாதம் எடுபடாது. தவிர, அவருடைய மோட்டாருக்கு வருகிற இலவச மின்சாரமும் வேறு யாருடைய நிலத்துக்கோ மேலாகத்தான் வருகிறது.

கம்பித் தீ எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். 2018 நவம்பர் 8-ஆம் தேதி கலிபோர்னியாவில் மூண்ட தீயில் 85 பேர் மாண்டார்கள். பாரடைஸ் என்ற ஊர் ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. பாரடைஸ் என்றால் சொர்க்கம்! தீயை மூட்டியது மின்சாரக் கம்பெனியின் கம்பிதான். ஆனால் அன்றைய குற்றவாளி மரம் அல்ல. ஏறத்தாழ நூறு வருஷம் கம்பியைத் தாங்கித் தேய்ந்துபோன ஓர் இரும்புக் கொக்கி. 2020-இல் கம்பெனியே நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2021-இல் அதே மாகாணத்தில் டிக்ஸி என்று பெயரிடப்பட்ட பெருந்தீயோ, கம்பிமேல் மரம் சாய்ந்ததால் பிறந்தது. இரண்டும் உண்மை. ஆகையால் கிளையைக் கழிக்க வருகிறவரிடம், "உங்கள் கொக்கியைப் பார்த்தீர்களா?" என்று கேட்கிற பாத்தியதை நிலக்காரருக்கு உண்டு. எப்போதும் மரத்தின்மேல் பழியைப் போடுவது சுலபம், அது எதிர்வழக்காடாது.

நம் நாட்டுச் சட்டம் இதில் நாம் நினைப்பதைவிட நுட்பமானது. கம்பிக்கு இடைஞ்சலான மரத்தை அகற்ற வேண்டுமானால், மின்சாரம் வழங்குகிறவர் நிர்வாக மாஜிஸ்திரேட்டிடமோ அரசாங்கம் நியமித்த அதிகாரியிடமோ விண்ணப்பித்து உத்தரவு பெறலாம் என்கிறது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 68-ஆம் பிரிவு. கம்பி போடுவதற்கு முன்பே அந்த மரம் இருந்திருந்தால், நியாயமான நஷ்டஈடும் விதிக்க வேண்டும். 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்திலேயே இருந்த யோசனை இது. முந்தி நின்றது எது? மரம் என்றால், கம்பி விருந்தாளி. வீட்டுக்காரனைக் கேட்டுக்கொண்டுதான் விருந்தாளி பாயை விரிக்க வேண்டும். கம்பி வந்த பிறகு அதன் நேர் கீழே தென்னங்கன்று வைத்துவிட்டு நஷ்டஈடு கேட்பவரிடம் எனக்கும் அவ்வளவாக இரக்கம் இல்லை.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் கேள்வி, பிறகு வெட்டு, பிறகு விலை. நடைமுறையில் அரிவாள் முதலில் வருகிறது. விலை வந்தால் வரும். கேள்வி வருவதே இல்லை. தானாக முன்வந்து கொடுத்தவனுக்கும் பறிகொடுத்தவனுக்கும் மிஞ்சுவது ஒரே அடிமரம்தான். ஆனால் முன்னவன் ஊருக்கு உபகாரம் செய்தவன், பின்னவன் ஏமாளி. அவனை அப்படி ஆக்க எந்தப் பொதுநலத்துக்கு அதிகாரம்?

கேட்டிருந்தால் வேறொன்றும் தெரிந்திருக்கும். புளியையும் வேம்பையும் கழித்தால் மறுபடி தழைக்கும். தென்னைக்கும் பனைக்கும் குருத்து ஒன்றுதான். அதை வெட்டினால் மரம் செத்தது. ஏட்டில் இரண்டுமே 'கிளை அகற்றம்'.

விலை விஷயத்தில் 2007-இல் கேரள மின்வாரிய வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டு நல்ல வார்த்தை சொன்னது. எல்லாருக்கும் ஒரே கணக்குப் போட முடியாது. கம்பி நிலத்தின் நடுவே போகிறதா, நிலம் சிறியதா என்பதையெல்லாம் பார்க்க வேண்டும் என்றது. 2024 ஜூனில் மத்திய மின்சார அமைச்சகம், கோபுரம் நிற்கிற இடத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதமும், கம்பிப் பாதைக்கு 30 சதவீதமும் தரலாம் என்று வழிகாட்டியது. ஆனால் அது 66 கிலோவோல்ட்டும் அதற்கு மேலும் உள்ள பெரிய லைன்களுக்கு. முந்திரித் தோப்புக்கு மேலே போகிற சின்னக் கம்பிக்கு அந்தக் கணக்கு இல்லை.

இன்னும் ஒன்று. வெட்டிய கிளைகள் என்ன ஆகின்றன? வந்தவர்கள் அடுத்த தோப்புக்குப் போய்விடுகிறார்கள். கழித்துப் போட்டவை கம்பிக்கு நேர் கீழே குவியலாகக் கிடக்கின்றன. சித்திரை வெயிலில் பத்து நாளில் அவை சுள்ளி. தீக்குப் பயந்து வெட்டியது தீக்கே விறகு! அந்த விறகு நிலக்காரருடையது. அப்புறப்படுத்துகிற கூலியும் அவர் தலையில்தான். குடியானவரும் அவர் மனைவியும் இரண்டு நாள் வேலையை விட்டுவிட்டு, அதை வரப்போரம் இழுத்துப் போடுவார்கள்.