ஆசாபின் பங்கு

போன மாதம் ஒரு வீட்டுப் பிரதிஷ்டைக்குப் போயிருந்தேன். சபையில் என்னோடு பாடகர் குழுவில் நிற்கிறவரின் வீடு. போதகர் ஜெபித்தார், கீதம் பாடினோம், ஆமென் சொன்னோம். அடுப்படி மேடையைப் பார்க்கும்வரை நன்றாகத்தான் இருந்தேன். கறுப்பு கிரானைட். விளிம்பை விரலால் தடவினேன்; வழுவழுவென்று குளிர்ந்திருந்தது. எங்கள் வாடகை வீட்டின் விரிசல் விட்ட சிமெண்டு மேடை ஞாபகத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு சாப்பிட்ட பிரியாணியின் ருசி நினைவில்லை.

இரவில் 73-ஆம் சங்கீதத்தைத் திறந்தேன். ஆசாபின் பெயரில் உள்ள பாட்டு. உடன்படிக்கைப் பெட்டிக்கு முன் துதி பாட தாவீது நியமித்த லேவியரில் தலைவன் அவன், கைத்தாளம் கொட்டியவன். அந்த ஊழியத்தில் இருந்துகொண்டே, பொறாமைப்பட்டேன், கால் சறுக்கப் பார்த்தது என்று ஒப்புக்கொள்கிறான். நாமும் சாட்சி சொல்கிறோம். வியாதியைச் சொல்வோம், கடனைச் சொல்வோம். பக்கத்து வீட்டில் கார் வந்து நின்ற அன்று தூக்கம் போனதை மட்டும் சொல்லமாட்டோம்.

பொறாமை எவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கிறது! துன்மார்க்கரின் கொழுத்த உடம்பு, பிதுங்கிய கண், பெருமையை ஆரமாகப் போட்ட கழுத்து, அடங்காத நாக்கு என்று ஒன்றையும் ஆசாப் விடவில்லை. இத்தனைக்கும் நடுவில் ஒன்று குறைகிறது. முதல் 14 வசனங்களில் அவன் தேவனை முன்னிலையில் கூப்பிடவே இல்லை. தேவனைப் பற்றிப் பேசுகிறான், அவரோடு பேசவில்லை. 17-ஆம் வசனத்தில் பரிசுத்த ஸ்தலத்துக்குள் நுழைகிறான். அதற்கு அடுத்த வசனத்திலேயே பேச்சு அவரை நோக்கித் திரும்பிவிடுகிறது. வெளியே எவனுடைய சொத்தும் அன்றைக்குக் குறைந்ததாக எழுதப்படவில்லை. இவனுக்குப் புதிதாக எதுவும் கிடைத்ததாகவும் இல்லை. துன்மார்க்கரின் முடிவைக் கண்டுகொண்டான், அவ்வளவுதான்.

ஆனால் எனக்கு அந்தச் சாக்குகூட இல்லை. ஆசாப் பார்த்தது அக்கிரமக்காரரை. நான் பார்த்தது, உழைத்துச் சம்பாதித்து வீடு கட்டிய ஒரு நல்ல மனிதரை.

26-ஆம் வசனத்தில் வெகுநேரம் நின்றேன். தேவனே என் பங்கு என்கிறான் ஆசாப். பங்கு என்ற சொல் நம் குடும்பங்களில் என்ன பாடுபடுத்துகிறது! வாய்க்கால் ஓரத்து அரை ஏக்கருக்காக, ஒரே ஆலயத்தில் ஆளுக்கொரு பக்கம் உட்காரும் அண்ணன் தம்பியை எனக்குத் தெரியும். ஆசாபுக்கோ பங்கு கேட்கவே இடமில்லை. யோசுவா நாட்டைக் கோத்திரங்களுக்குப் பிரித்துக் கொடுத்தபோது லேவி கோத்திரத்துக்கு நிலம் கிடையாது. குடியிருக்க 48 பட்டணங்களும் மேய்ச்சல் வெளிகளும்தான். கர்த்தரே உங்கள் சுதந்தரம் என்று அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. அது ஆசாபுக்குப் பிறப்பிலேயே தெரிந்த பாடம். தெரிந்த பாடத்தை மனம் ஒத்துக்கொள்ள, எரிந்து தவித்த பிறகு ஒருநாள் ஆலயத்துக்குள் போய் நிற்கவேண்டியிருந்தது. விவேகமற்ற மிருகம்போல் இருந்தேன் என்று அங்கே அழுகிறவனுடைய வலதுகையை தேவன் பிடித்துக்கொண்டிருக்கிறார். தாளம் கொட்டும் கை அது. இவன் மற்றவர்களை எண்ணிக்கொண்டிருந்த நாளெல்லாம் அவர் அதை விட்டிருக்கவில்லை.

வேதத்தை மூடிவிட்டு நண்பரின் பெயரைச் சொல்லி ஜெபிக்க உட்கார்ந்தேன். முதலில் வார்த்தை வரவில்லை. பிறகு, அந்த வீட்டின் முன்பக்கத்து அறை நினைவுக்கு வந்தது. மாடி ஏற முடியாத தன் அம்மாவுக்காகக் கீழேயே கட்டியிருந்தார். வாசல்படி இல்லாமல் சரிவாகத் தளம் போட்டு, கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பி பதித்திருந்தார். அன்று பகலில் அந்த அறையைக் கடந்துதான் அடுப்படிக்குப் போனேன்.