மௌனம் சம்மதமாகுமா?

தன்னைத் தானே ஒரு கட்டுக்குள் உட்படுத்திக்கொள்ளும் மனிதன் தன் சுதந்திரத்தை இழக்கிறானா, அல்லது அதை நிறைவு செய்கிறானா? அறநெறியியல் நெடுங்காலமாக எழுப்பிவரும் வினா இது. துறவற வாக்குறுதியையும் திருமண உடன்படிக்கையையும் முன்வைத்தே நாம் இதைச் சிந்திப்பது வழக்கம். பாய்மரக் கப்பலில் பெருங்கடல் கடக்கப் புறப்படுவோரின் வாழ்வும் இவ்வினாவுக்கு நல்லதோர் உரைகல்லாகும். கரையில் நிற்கும்வரை சேர்வதும் சேராதிருப்பதும் அவரவர் விருப்பம். கரை மறைந்த பின்னரோ, "எனக்கு வேண்டாம், நான் வீட்டுக்குப் போகிறேன்" என்று சொல்ல அங்கே வழியில்லை.

நீராவியும் எண்ணெயும் வந்தபின் பாய்மரக் கப்பல்களின் காலம் முடிந்துவிட்டது என்றே பலர் எண்ணுவர். ஆயினும் உயர்ந்த பாய்மரங்களைக் கொண்ட கப்பல்கள் சில இன்றும் உலகக் கடல்களில் உலவுகின்றன. நம் இந்தியக் கடற்படையில் 1997-இல் சேர்க்கப்பட்ட 'தரங்கிணி' என்னும் மூன்று பாய்மரக் கப்பல் 2003-04 ஆண்டுகளில் உலகைச் சுற்றி வந்தது. செயற்கைக்கோள்கள் வழிகாட்டும் காலத்தில் இளம் அதிகாரிகளுக்குப் பாய்மரப் பயிற்சி எதற்கு? காற்றையும் அலையையும் தம் உடலால் அறியவும், தம் உயிரைப் பிறர் கையில் ஒப்படைக்கவும், பிறர் உயிரைத் தம் கையில் ஏற்கவும் கற்பதற்கே.

படைசாராத பாய்மரக் கப்பல்களும் உண்டு. அவற்றுள் பலவற்றில் கட்டணம் செலுத்திப் பொதுமக்களும் சேரலாம். விந்தை என்னவெனில், கட்டணம் செலுத்தியவர் அங்கே பயணி அல்லர், மாலுமிகளுள் ஒருவராகிவிடுகிறார். நான்கு மணி நேரக் காவல், எட்டு மணி நேர ஓய்வு என்னும் முறை பல கப்பல்களில் உண்டு. நள்ளிரவிலும் தம் முறை வந்ததும் எழுந்து சுக்கானைப் பிடிக்க வேண்டும். முன்புறம் நின்று இருளை உற்று நோக்க வேண்டும். கயிறு இழுக்க வேண்டும். தளத்தைக் கழுவ வேண்டும். மனமும் துணிவும் உள்ளோர் மரத்தின் மீதேறி, பருமல் என்று வழங்கும் குறுக்குமரத்தில் பாயைச் சுருட்டிக் கட்டுவர்.

இங்கிலாந்தில் 1978-இல் தொடங்கப்பெற்ற ஜூபிலி பாய்மர அறக்கட்டளை இன்னும் ஒருபடி மேலே சென்றது. மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் இணைந்து செலுத்துவதற்கென்றே 'லார்டு நெல்சன்', 'டெனேஷியஸ்' என்னும் இரு கப்பல்களை அது கட்டியது. பார்வையற்றவர் சுக்கான் பிடிக்கத் திசையை ஒலியால் அறிவிக்கும் கருவியும், சக்கர நாற்காலியில் இருப்போர் தளத்திற்குத் தளம் செல்லத் தூக்கிகளும் அவற்றில் இருந்தன. 2023-இல் நிதி நெருக்கடியால் அவ்வறக்கட்டளை தன் பணியை நிறுத்த நேர்ந்தது. ஆயினும் உறங்குவோரின் உயிர் விழித்திருப்போரின் கையில் இருக்கிறது என்னும் உண்மையை, பிறர் உதவியை எப்போதும் பெறுபவராகவே கருதப்பட்ட மனிதரும் அங்கே காவலராக நின்று எண்பித்தார்.

வயிற்றுப்பாட்டுக்காக நாள்தோறும் கடலோடு போராடும் மீனவருக்கு, காசு கொடுத்துத் துன்பத்தை வாங்கும் இச்செயல் வேடிக்கையாகத் தோன்றலாம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. துன்பம் தன்னளவில் புண்ணியம் ஆகிவிடாது. இக்கப்பல்களில் மதிப்புக்குரியது அங்கே ஒருவர் கொடுக்கும் சொல்தான். "என் முறை வரும்போது நான் எழுவேன்" என்னும் சொல்லை நம்பியே மற்றவர் கண்ணயர்கின்றனர். தன்னுடைய சொல்லால் தன்னைக் கட்டிக்கொள்ள வல்ல உயிர் மனித உயிர் ஒன்றே. அந்த அளவில், கட்டுக்கு உட்படுதல் சுதந்திரத்தின் முடிவு அன்று, அதன் கனியே எனலாம்.

ஆனால் இத்துடன் நின்றுவிட்டால் பாதி உண்மையையே சொன்னவராவோம். கொடுக்கப்பட்ட சொல் உண்மையில் உரிமையோடு கொடுக்கப்பட்டதா? இக்கேள்வியைத் தவிர்க்க முடியாதபடி எழுப்பிய நிகழ்ச்சி ஒன்று 2012-இல் நடந்தது.

1789-இல் மாலுமிகளின் கலகத்தால் புகழ்பெற்ற 'பவுண்டி' என்னும் கப்பலைப் போன்ற ஒன்று, திரைப்படத்திற்காக 1960-இல் கனடாவின் லூனன்பர்க் நகரில் கட்டப்பெற்றது. அக்கப்பல் 2012 அக்டோபர் 25 அன்று, 16 பேருடன் அமெரிக்காவின் நியூ லண்டன் துறைமுகத்திலிருந்து ஃபுளோரிடா நோக்கிப் புறப்படவிருந்தது. 'சாண்டி' என்னும் பெரும்புயல் வந்துகொண்டிருந்தது முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. கப்பல் தலைவர் தம் குழுவினரைத் தளத்தில் கூட்டினார். புயலைப் பற்றிக் கூறினார். செல்ல விரும்புவோர் இப்போதே இறங்கிச் செல்லலாம் என்றார். ஒருவரும் இறங்கவில்லை. நான்கு நாள் கழித்து, அக்டோபர் 29 விடியற்காலையில், வட கரோலினாவுக்கு அப்பாலுள்ள கடலில் கப்பல் மூழ்கியது. 14 பேரை மீட்புப் படையினர் ஹெலிகாப்டர்கள் மூலம் காப்பாற்றினர். ஒரு பெண் மாலுமி இறந்தார். தலைவரின் உடல் கிடைக்கவே இல்லை. புயலின் பாதையிலேயே கப்பலைச் செலுத்தத் தலைவர் எடுத்த பொறுப்பற்ற முடிவே இவ்விபத்துக்குக் காரணமென 2014-இல் அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அறிவித்தது.

இங்கே நாம் நின்று சிந்திக்க வேண்டும். எவரையும் எவரும் வற்புறுத்தவில்லை. கேள்வி வெளிப்படையாகவே கேட்கப்பட்டது. அப்படியாயின் அனைவரும் மனமுவந்து சம்மதித்தனர் என்று முடிவுகட்டலாமா?

ஒரு செயல் உண்மையில் மனிதச் செயலாக அமைய அறிவும் விருப்புரிமையும் தேவை என்பது நம் அறநெறி இயலின் அடிப்படைப் பாடம். அறியாமை அதைக் குறைக்கும், அச்சமும் குறைக்கும். அடி உதையைப் பற்றிய அச்சம் மட்டுமே அச்சமன்று. தோழர் நடுவில், தாம் மதிக்கும் தலைவர் எதிரில், "நான் வரவில்லை" என்று முதலில் சொல்பவர் கோழையாகத் தோன்றுவார். அவர் இறங்கினால் அவர் பங்கு வேலையும் ஆபத்தும் மற்றவர் தோளில் விழும். இந்நிலையில் எழும் மௌனத்தில் அன்பும் உண்டு, விசுவாசமும் உண்டு, வெட்கமும் உண்டு. சுதந்திரம் எவ்வளவு உண்டு என்பதே ஐயம். மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்னும் நம் வழக்கு, மௌனம் காப்பவரைவிடக் கேள்வி கேட்பவருக்கே வசதியானது. மேலும், அதிகம் அறிந்தவரின் பொறுப்பு, "நான்தான் கேட்டேனே" என்பதால் நீங்கிவிடாது. துறைமுகத்திலேயே தங்கும் முடிவைத் தலைவர் தாமே எடுத்திருந்தால், எவரும் கோழையாகத் தோன்றியிருக்க வேண்டியதில்லை.

புனித பவுல் உரோமைக்குச் சென்ற கப்பலிலும் இத்தகைய முடிவு ஒன்று எடுக்கப்பட்டதைத் திருத்தூதர் பணிகள் 27-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். குளிர்காலம் நெருங்குகையில் பயணத்தைத் தொடர்வது உயிருக்கே கேடு என அவர் எச்சரித்தார். நூற்றுவர் தலைவரோ கப்பலோட்டியையும் கப்பல் உரிமையாளரையும் நம்பினார். பெரும்பான்மையோரும் புறப்படுவதையே விரும்பினர். பவுல் ஒரு கைதி. அவர் சொல் எடுபடவில்லை. கப்பலில் இருந்த 276 பேரும் உயிர் பிழைத்தது இறைவனின் இரக்கம். பெரும்பான்மை விரும்பியது என்பதால் ஒரு முடிவு விவேகமானது ஆகிவிடுவதில்லை என்பது அங்கே விளங்குகிறது.

மறுக்கும் உரிமைக்கு மறுபக்கமும் உண்டு. 2010 நவம்பரில், ஜெர்மானியக் கடற்படையின் 'கோர்ச் ஃபோக்' என்னும் பயிற்சிக் கப்பல் பிரேசிலின் சால்வடோர் துறைமுகத்தில் நின்றபோது, 25 வயதுப் பயிற்சி மாணவி ஒருவர் பாய்மரக் கயிறுகளிலிருந்து விழுந்து இறந்தார். அதன்பின் மாணவர் சிலர் மேலே ஏற மறுத்தனர். அது ஒழுங்கின்மையா, நியாயமான தயக்கமா என்று நாடே விவாதித்தது. புனித தோமா அக்குவினா திடம் என்னும் நற்பண்பை அச்சத்துக்கும் கண்மூடித் துணிச்சலுக்கும் நடுவே வைக்கிறார். மனிதருக்குக் காட்டும் கீழ்ப்படிதலுக்கு வரம்பு உண்டென்றும் தெளிவுறுத்துகிறார். ஆகவே ஏறுபவரெல்லாம் திடமுள்ளவரும் அல்லர். மறுப்பவரெல்லாம் கோழைகளும் அல்லர். மரமேறுவதை அவரவர் விருப்பத்திற்கே விட்டு, ஏறாதவருக்கும் மதிப்புள்ள வேலை தரும் கப்பல்கள் இதை நன்கு உணர்ந்தவை.

கடலைக் காணாத நமக்கும் இதில் பாடம் உண்டு. திருமணத்திற்கு முன் மணமகனையும் மணமகளையும் பங்குத்தந்தை தனித்தனியே விசாரிப்பது ஏன்? பெற்றோர் அருகில் இருக்கையில், மண்டபம் பேசி முடிக்கப்பட்டிருக்கையில், "உனக்குச் சம்மதமா?" என்று கேட்டால் வரும் தலையசைப்பு முழு விடையாகாது என்பதைத் திருச்சபை அனுபவத்தால் அறிந்திருக்கிறது. அச்சத்தாலும் வற்புறுத்தலாலும் பெறப்பட்ட சம்மதம் திருமணத்தையே செல்லாததாக்கும் என அது சட்டமும் வகுத்துள்ளது. ஆனால் அந்த விசாரணையைப் படிவம் நிரப்பும் சடங்காகக் கருதும் குடும்பங்கள் எத்தனை! மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது, மகனை எந்த நாட்டுக்கு அனுப்புவது, பிள்ளையைக் குருமடத்திற்கோ கன்னியர் மடத்திற்கோ அனுப்புவதா என்பனவற்றை எல்லாரும் கூடியிருக்கும்போது கேட்டு, மறுப்பு எழாததைக் கண்டு மகிழ்ந்துவிடுகிறோம்.

"வேண்டாம்" என்னும் விடையை முகம் சுளிக்காமல் ஏற்க ஆயத்தமாக இருப்பவருக்கே "சரி" என்னும் விடையைப் பெறும் தகுதி உண்டு. உண்மை முழுவதையும் சொல்லி, சிந்திக்க நாள் கொடுத்து, தனியே அழைத்துக் கேட்டு, மறுத்தவரின் மதிப்பையும் காப்பது கேட்பவரின் கடமை. அவ்வாறு கேட்கப்பட்டுக் கொடுக்கப்பட்ட சொல்லே நடுக்கடலிலும் தாங்கும். அச்சொல்லால் கட்டுண்டவர் சுதந்திரத்தை இழந்தவர் ஆகார். இறங்கும் வழி திறந்திருந்தும் கப்பலில் நின்றவர் அவர். காவல் முறை வரும்போது, எழுப்புவோர் கை படுமுன் அவரே எழுந்துவிடுவார்.