பிரிவுக்கும் ஆயத்தம் வேண்டுமா?

ஒரு குமர் காரியத்துக்கு நாம் வருடக்கணக்கில் ஆயத்தம் செய்கிறோம். பெண் பிள்ளை பிறந்த நாள் முதல் காதுக்கும் கழுத்துக்கும் சேர்க்கிற உம்மாமார் உண்டு. அந்த நிக்காஹ் முறியத்தான் போகிறது என்று தெரிந்த பிறகோ ஒருநாள் ஆயத்தமும் செய்வதில்லை. 'அப்படி நினைப்பதே முஸீபத்து' என்று வாயை அடைத்துவிடுவார்கள். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டே பிரிவுக்கு ஆயத்தமாவது துரோகமல்லவா என்று கேட்பவர்களும் உள்ளனர். நியாயமான கேள்விதான்.

கணவன் கடையை இரவோடிரவாகத் தம்பியின் பெயருக்கு மாற்றுவதும், மனைவி நகையை எடுத்து அடுத்த ஊருக்கு அனுப்புவதும், கைத்தொலைபேசியில் மற்றவரின் குறைகளைச் சேமித்து வைப்பதும் சூழ்ச்சி. மஹர் எவ்வளவு, கைக்கூலி எவ்வளவு, பிள்ளைகள் எங்கே இருப்பார்கள் என்று இரு குடும்பத்துப் பெரியவர்கள் முன்னிலையில் எழுதி வைப்பது ஆயத்தம். முன்னதை மறைத்துத்தான் செய்ய முடியும். பின்னதை மறைக்க வேண்டியதில்லை.

மார்க்கம் ஆயத்தத்தை வெறுக்கவில்லை. இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொரு நடுவரை ஏற்படுத்தச் சொல்கிறது சூரத்துன் நிஸா. இத்தாக் காலத்தில் பெண்ணை வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாதென்கிறது சூரத்துத் தலாக். இத்தா என்பதே ஓர் அவகாசம்தானே? கோபம் தணிய, கரு உண்டா என்று அறிய, மனம் மாறினால் மீள. நாமோ அவளை அன்றைக்கே பஸ் ஏற்றிவிடுகிறோம்.

நமது நாட்டில் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இரு தராசுகளை வைத்திருக்கிறது. தலாக் சொல்ல நினைக்கும் கணவன் காழியாருக்கு அறிவித்தால் போதும். காரணம் நிரூபிக்கத் தேவையில்லை. சமாதானத்துக்கு 30 நாள் அவகாசம் உண்டு. பஸ்ஹு கேட்கும் மனைவியோ காரணத்தைச் சாட்சியோடு நிறுவ வேண்டும். காழி நீதிமன்றத்தில் அவளுக்காகப் பேச வழக்கறிஞரும் வர முடியாது. ஆக, ஆயத்தமில்லாமல் போவதன் விலை இருவருக்கும் ஒன்றல்ல. 2009இல் நியமிக்கப்பட்ட சலீம் மர்சூப் குழு தன் அறிக்கையைக் கொடுக்கவே 2018 ஆனது. அதற்குள்ளும் இரு கருத்து. அந்தச் சர்ச்சை முடியும்வரை நம் பெண்கள் காத்திருக்க முடியாது.

ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும் நம்மவர் பலரின் வீடு கடைக்குப் பின்னால்தான். கடையோ வாடகைக்கு, கணவனின் பெயரில். கடை யாருக்கோ வீடும் அவருக்கே. எதிர்மலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு லயம் சொந்தமில்லை, உண்மைதான். ஆனாலும் அவள் பெயரில் சம்பளம் எழுதப்படுகிறது, சேமலாப நிதி சேர்கிறது. பதினைந்து வருடம் சீனிப் பொட்டலம் கட்டிய நம் சகோதரியின் உழைப்பு எந்தப் பேரேட்டில் இருக்கிறது? விவாகப் பதிவில் மஹருக்கும் கைக்கூலிக்கும் இடம் உண்டு. கைக்கூலியை மனைவி காழியாரிடம் கேட்டுப் பெறலாம். ஆனால் வெட்கத்திலும் அவசரத்திலும் அந்த இடத்தில் குறைத்து எழுதிவிட்டு, பிறகு சாட்சி தேடி அலைவதே வழக்கமாகிவிட்டது.

மனதை ஆயத்தப்படுத்துவது இதைவிடக் கஷ்டம். தாபித் இப்னு கைஸ் (ரழி) அவர்களின் மனைவி நபி (ஸல்) அவர்களிடம் வந்து கணவரின் மார்க்கத்திலோ குணத்திலோ குறை சொல்லவில்லை. வாழ இயலாது என்றார், அவ்வளவுதான். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுப்பீரா என்று கேட்கப்பட்டது. (நமக்குத் தோட்டமென்றால் தேயிலைதான், அது பேரீச்சந் தோட்டம்.) யாரும் யாரையும் அசிங்கப்படுத்தவில்லை. நம்மிடத்திலோ பிரிவதென்றால் ஒருவரைக் கெட்டவராக்கியே தீர வேண்டும். பரீரா (ரழி) பிரிந்தபோது முகீஸ் மதீனாத் தெருக்களில் அழுதுகொண்டே பின்தொடர்ந்தார். நபியவர்கள் அவருக்காகப் பரிந்து பேசினார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். பரிந்துரைதான் என்றதும் மறுத்துவிட்டார். அந்த மறுப்பும் மதிக்கப்பட்டது. ஆணின் அழுகையும் இழிவாகக் கருதப்படவில்லை. நம் ஊரில் இரண்டுக்கும் இடமில்லை.

பிள்ளைகள் விடயத்தில்தான் நான் பிடிவாதக்காரன். வாப்பா கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போயிருக்கிறார் என்று மூன்று மாதம் சொல்லி வைத்திருப்பார்கள். நான்காம் வகுப்புப் பிள்ளை உண்மையை இடைவேளையில், இன்னொரு பிள்ளையின் வாயால் கேட்கும். அதற்குப் பிறகு உம்மா சொல்வதையும் அது நம்பாது. வாப்பாவும் உம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து, ஒருவரையொருவர் குறை கூறாமல், அதன் வயதுக்கு விளங்கும்படி முன்கூட்டியே சொல்ல வேண்டும். பராமரிப்புச் செலவைக் காழியார் தீர்மானிப்பார். பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கு அவர் கையில் இல்லை, வேறு நீதிமன்றத்துக்குப் போகும். ஆகவே அதை இருவரும் முதலிலேயே பேசித் தீர்ப்பது நல்லது. வகுப்பாசிரியர் காதிலும் ஒரு வார்த்தை போடுங்கள். பிறப்புச் சான்றிதழ் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். வருட நடுவில் வேறு பாடசாலைக்கு மாற்றுவதானால், விடுகைப் பத்திரத்தைக் கேட்டு வாங்க இருவரில் ஒருவராவது நேரில் வாருங்கள். பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள்.