உட்கார்ந்து சிரித்தவர்கள்

ஜவுளிக்கடையில் வேலை பார்த்த பதினோரு வருடங்களில் எனக்குத் தெரிந்த பருவங்கள் இரண்டுதான்: ஆடித் தள்ளுபடி, தீபாவளி. காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் இரவு பத்துக்குத்தான் வெளியே வருவோம். வெளியே மழை பெய்கிறதா என்பதை வாடிக்கையாளர் கையிலிருக்கும் குடையைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். பங்குனியில் வேம்பு துளிர்ப்பதும் சித்திரையில் பூவைக் கொட்டுவதும் எங்கள் கண்ணில் படாமலே வருடா வருடம் நடந்து முடிந்தன.

அந்த மரத்தை எனக்குக் காட்டியது எங்கள் சங்கம். சங்கம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஏழெட்டுப் பெண்கள், அவ்வளவுதான். சேலைப் பிரிவில் இருந்த அக்கா வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம். பூக்கிற காலத்தில் இரவே அதனடியில் பழைய சேலை ஒன்றை விரித்து வைத்துவிடுவார். கடைக்குக் கிளம்பும் முன் காலை ஏழு மணிக்கு நாங்கள் அங்கே கூடுவோம். தரையில் சம்மணமிட்டு, பூவிலிருந்து காம்பும் குச்சியும் பொறுக்கியபடியே பேசுவோம். இந்த வாரம் யாருக்கு அபராதம், யாருக்குக் கால் நரம்பு சுருண்டிருக்கிறது, கழிப்பறைக்குப் போய்வர எத்தனை நிமிடம் தருகிறார்கள்? கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள் ‘பெண்கூட்டு’ என்று ஒன்று சேர்ந்து கழிப்பறை கேட்டதையும், உட்காரும் உரிமை கேட்டதையும், 2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியதையும் அந்த மரத்தடியில்தான் முதலில் கேள்விப்பட்டேன்.

மறு சித்திரையில் எங்களில் சின்னவள், இருபத்திரண்டு வயது, மாதவிலக்கு வலி தாங்காமல் ஒரு சேலைக்கட்டின்மேல் இரண்டு நிமிடம் உட்கார்ந்தாள். கேமராவில் பார்த்துவிட்டார்கள். மறுநாள் அவளுக்கு வேலை இல்லை.

அந்த ஞாயிறும் அவள் மரத்தடிக்கு வந்தாள். யாரும் பேசவில்லை. திடீரென்று ஒருத்தி எழுந்து மேற்பார்வையாளரைப் போல இடுப்பில் கை வைத்து, “யாரும்மா அங்க சாயுறது? அது என்ன ஒங்கப்பன் கட்டுன செவரா?” என்றாள். நாங்கள் வெடித்துச் சிரித்தோம். வேலை போனவள்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். மகளைத் தேடிவந்த அவள் அம்மா வாசலில் நின்றிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. “எம்பிள்ளைக்கு வேலை போயி அடுப்பு எரியல. ஒங்களுக்குச் சிரிப்பாணி கேக்குதாக்கும்?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கேள்வி பல வருடம் என்னோடு இருந்தது. இவ்வளவு அநியாயம் நடக்கும்போது, அதை எதிர்க்கிறவர்கள் மகிழ்ச்சியாக இருக்கலாமா? போராடுகிற பெண் சிரித்தால் “இவளுக்கு என்ன குறை?” என்பார்கள். சிரிக்காவிட்டால் “எப்பப் பாரு சிடுசிடுப்பு” என்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். அவர் கேள்வியில் நியாயம் இருந்தது.

யோசித்து யோசித்து ஓர் அளவுகோலைக் கண்டுபிடித்தேன்: இந்தச் சிரிப்பு வர, யாரை மறக்க வேண்டியிருக்கிறது? கடையின் ஆண்டு விழாவில் எங்களைக் கைதட்டச் சொல்வார்கள். துரத்தப்பட்டவர்களை மறந்தால்தான் அங்கே கை தட்ட முடியும். மரத்தடியில் யாரையும் மறக்க வேண்டியிருக்கவில்லை. வேலை போனவள் எங்கள் நடுவிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அந்தச் சிரிப்பு அவளுக்கு வேலையைத் திருப்பித் தரவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் மறுநாள் நாங்கள் நான்கு பேர், அவளுக்குச் சேர வேண்டிய சம்பள பாக்கியைக் கேட்டு மேற்பார்வையாளர் முன்னால் போய் நின்றோம். முந்தைய வாரம்வரை அவர் குரலைக் கேட்டாலே எனக்கு வயிறு கலங்கும். அன்று அவர் இடுப்பில் கை வைத்ததும் மரத்தடி நடிப்புதான் நினைவுக்கு வந்தது. பயம் போய்விடவில்லை, பேசுகிற அளவுக்குக் குறைந்திருந்தது. பாக்கி கிடைத்தது.

“பொம்பளைங்களுக்குத் தாங்குற சக்தி அதிகம்” என்று கடையில் அடிக்கடி எங்களைப் பாராட்டுவார்கள். பன்னிரண்டு மணி நேரம் நிற்பதற்கு அவர்கள் வைத்த பெயர் அது. தாங்கு தாங்கு என்கிறவர்கள் யாரும் பாரத்தில் கை வைப்பதில்லை. தனியாகத் தாங்குவதை நான் இப்போது வலிமை என்று சொல்வதில்லை.

2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ பிரிவு சேர்ந்தது. ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வசதி வேண்டும் என்கிறது அது. எங்கள் தளத்துக்கும் நாலு ஸ்டூல் வந்தது. ஒரு மாதம் அவற்றில் யாரும் உட்காரவில்லை. உட்காருவதற்கும் துணை தேவைப்பட்டது. கடைசியில் மரத்தடியில் ஒரு முடிவெடுத்தோம்: உட்கார்ந்தால் நாலு பேரும் ஒரே நேரத்தில் உட்காருவது. ஒருத்தி உட்கார்ந்தால் திமிர் என்பார்கள். நாலு பேர் உட்கார்ந்தால் அது வழக்கமாகிவிடும். உட்கார்ந்ததும் ஒருவரை ஒருவர் பார்த்தோம், சிரிப்பை அடக்க முடியவில்லை.

சின்னவள் இப்போது வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறாள். வேறு கடைக்குப் போகவே மாட்டேன் என்றுவிட்டாள். அந்த நாற்காலி சட்டம் அவளுக்குத் தாமதமாகத்தான் வந்தது. ஒவ்வொரு சித்திரையிலும் காயவைத்த வேப்பம்பூவில் ஒரு டப்பா அவள் வீட்டுக்குக் கொண்டுபோவேன். முதல் வருடம் அவள் அம்மா பேசாமல் வாங்கி வைத்தார். போன வருடம் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, “இதுல பாதி காம்பா கெடக்கு. பொறுக்குனீங்களா, இல்ல சிரிச்சுக்கிட்டே இருந்தீங்களா?” என்று கேட்டார்.

“ரெண்டும்தாம்மா” என்றேன்.

முறத்தை எடுத்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.