எரித்த இழையும் எரிக்காத சேலையும்

காஞ்சிபுரத்தில் பட்டை அறிய எளிய வழி, ஓர் இழையை உருவிக் கொளுத்துவது. முடி கருகிய வாடை எழுந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. உருகிக் கெட்டியான மணியானால் பாலியெஸ்டர்.

ஆனால் எரித்தது ஓர் இழையை. சேலை முழுதும் பட்டு என்று எப்படிச் சொல்வது?

இந்தக் கேள்வி இவ்வூருக்குப் பழையது. மணிமேகலைக் காப்பியத்தில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அளவை நூல் கற்பிப்பது இதே காஞ்சியில்தான். அளவை என்பது அறிவுக்கான வழி; பௌத்தருக்கு அது இரண்டே: நேரில் காணும் காட்சி, காரணத்தால் உய்த்தறியும் அனுமானம். அனுமானத்துக்குக் காட்டும் காரணமான ஏது தவறும் வகைகளையும் அவர் பட்டியலிடுகிறார். அவற்றில் ஒன்று அநைகாந்திகம், அதாவது இரு பக்கமும் சாயும் ஏது. கருகிய வாடையும் அப்படித்தான். கம்பளியும் புரத இழையாதலால் அதே வாடை வீசும். நெருப்பை மட்டும் நம்பும் வியாபாரிக்கு அடிகளிடம் பாஸ் மார்க் கிடைக்காது.

இதே காஞ்சியில் வரதராஜப் பெருமாளை வழிபட்ட வைணவ ஆசாரியர் ராமானுஜர் மூன்றாவதாகச் சப்தத்தையும், அதாவது நம்பத்தக்க சொல்லையும், அளவையாக ஏற்றார். அவருக்கு அது வேதம். சேலை வாங்குபவருக்கோ, மத்திய பட்டு வாரியத்தின் முன்முயற்சியில் 2004இல் வந்த சில்க் மார்க் சீட்டு. வேதத்துக்கு ஆசிரியர் இல்லை என்பது மரபு. சீட்டுக்கு அலுவலகம் உண்டு, போலியும் உண்டு. அதனால் இந்தச் சொல்லையும் சோதிக்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சீட்டு பேசுவதும் பட்டைப் பற்றி மட்டுமே. ஜரிகையைப் பற்றி மௌனம். ஜரிகையின் வெள்ளி, தங்க அளவை இன்று எக்ஸ்ரே கருவி எதையும் எரிக்காமல் காட்டுகிறது. ஆனால் திரையில் தெரியும் எண்ணை வாங்குபவர் நம்புவது காட்சியாலா, சொல்லாலா? கருவிக்கு அளவுத்திருத்தம் செய்தவரை அவர் பார்த்ததே இல்லை.