ஏழாவது படி

எங்கள் வீட்டு மாடிக்கு 14 படிகள். ஏழாவதில் ரோசி நின்றாள். அண்ணாந்து என்னைப் பார்த்தாள். "வாடி" என்றேன். வந்தாள்.

நடந்தது இவ்வளவுதான். மதுரையில் மே மாதம், வெயில் தாழ்ந்த நேரம். ரோசிக்கு 12 வயது, லேப்ரடார். மேலே வந்தவள் படுக்கவில்லை. கழுத்தை நீட்டி நின்றபடி, ரம்பம் அறுப்பதுபோன்ற சத்தத்தோடு மூச்சை இழுத்தாள். நாக்கு நீலம் பாரித்திருந்தது. ஈரத்துணி, மின்விசிறி, ஆட்டோ, மருத்துவர். பிழைத்துக்கொண்டாள். அந்த ஏழாவது படிதான் என்னை விடவில்லை.

குரல்வளை முழுதாகத் திறக்கவில்லை என்றார் மருத்துவர். வயதான லேப்ரடார்களுக்கு அதிகம் வருவதாம். குரல்வளையின் இடப்பக்க நரம்பு நேராக வந்து சேர்வதில்லை. நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி கழுத்துக்கு ஏறுகிறது. பின்னங்காலுக்குப் போவதும் நீளமான நரம்பு. இந்த நோயில் நீளமானவைதாம் முதலில் நலிகின்றன. மூச்சும் நடையும் சேர்ந்தே தளர்கின்றன. நாய் உடம்புச் சூட்டை நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் தணிக்க வேண்டும். அந்த வழியே குறுகிப்போனால் என்ன செய்யும்?

ஆறு மாதமாகக் குரைப்பு கரகரத்தது. தொண்டை கட்டியிருக்கும் என்றோம். பின்னங்கால் நடுவிரல் நகங்கள் தரையில் உரசித் தேய்ந்திருந்தன. வெட்டிவிட வேண்டியதில்லை என்று நிம்மதிப்பட்டிருக்கிறேன்.

என் அப்பத்தாவுக்கு இழுப்பு. மச்சிலிருந்து நான் கூப்பிட்டால், "இந்தா வந்துட்டேன்யா" என்று குரல் முதலில் வரும். பிறகு முழங்காலில் கையை ஊன்றி ஏறும் சத்தம். நடுவில் அந்தச் சத்தம் நின்றுவிடும். அப்போது அவள் என்ன செய்தாள் என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. பட்டத்து நூல் சிக்கியதற்கெல்லாம் கூப்பிட்டிருக்கிறேன்.

தருமனோடு மலையேறிய நாயின் கதையை அவள்தான் சொன்னாள். பின்னால் பாரதத்தில் வாசித்ததும் அரைகுறையாகவே நினைவிருக்கிறது. பாஞ்சாலி விழுகிறாள், தம்பிகள் ஒவ்வொருவராக விழுகிறார்கள், நாய் விழவில்லை. அதை விட்டுவிட்டு வரச் சொல்கிறான் இந்திரன், தருமன் மறுக்கிறான். தருமனின் பெருமையைத்தான் எல்லாரும் பேசுகிறோம். நாய்க்கு இரைத்ததா, வழியில் எங்காவது நின்று அண்ணாந்து பார்த்ததா என்று யாரும் கேட்பதில்லை. அது தரும தேவதை என்று முடிவில் தெரிந்துவிடுவதால் கேட்கத் தோன்றாமல் போகிறதோ என்னவோ. ரோசி வெறும் நாய்தான். கூப்பிட்டால் வருவாள்.

கூப்பிட்டால் வந்துவிடுகிறவர்களைக் கூப்பிடும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று இப்போது படுகிறது. வந்துவிட்டதாலேயே அவர்களுக்கு முடிகிறது என்று ஆகாது. ரோசிக்குக் கழுத்துப்பட்டையைக் கழற்றி மார்புப்பட்டை மாட்டியாயிற்று. விடிகாலையில் மட்டும் கொஞ்சதூர நடை. படிக்குக் குறுக்கே தட்டி. சாயங்காலம் நான் மேலே போகும்போது தட்டியில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

அன்று அவள் பார்த்தது "முடியவில்லை" என்றா, "இரு, வருகிறேன்" என்றா? முடியவில்லை என்றிருந்தால் நான் செய்தது கொடுமை. வருகிறேன் என்றிருந்தால், இந்தத் தட்டியை என்னவென்று சொல்வது? எனக்குத் தெரியவில்லை.

நேற்று மாடிக்குப் போகாமல் முதல் படியில் உட்கார்ந்திருந்தேன். காலடியில் வந்து படுத்துத் தூங்கிப்போனாள். மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு 22. தூங்குகிற நாய்க்கு 30க்குள் இருந்தால் பயமில்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மறுபடியும் எண்ணினேன்.