இல்லறமும் தனி வாழ்வும்

அய்யா துணை.

கார்த்திகைத் திருஏடு வாசிப்பில் திருக்கல்யாண நாள் வந்தால் தாங்கலில் நிற்க இடம் இருக்காது. சுருள் கொண்டு வருகிற தாய்மார்களில் பலருக்கும் ஒரே வேண்டுதல்: "என் பிள்ளைக்குச் சீக்கிரம் கல்யாணம் கூட வேண்டும் அய்யா." வேண்டுவது நல்லதே. ஆனால் கூடின கல்யாணம் எதனால் நிலைக்கிறது, எதனால் முறிகிறது என்பதையும் நாம் யோசிக்க வேண்டும். கல்யாணமே வேண்டாம் என்கிற பிள்ளையிடம் எப்படி நடந்துகொள்வது என்பதையும் யோசிக்க வேண்டும்.

அய்யா சொற்படி துவையல் தவசுக்குப் போனவர்கள் 700 குடும்பத்தார். வாகைப்பதியிலும் பிறகு முட்டப்பதியிலும் ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாகக் கடற்கரையில் இருந்தார்கள். கடலில் குளித்தார்கள், துணி துவைத்தார்கள், ஒரு வேளை உண்டார்கள். பெண்டாட்டி பிள்ளையை விட்டு ஓடுவதுதான் தவம் என்று அய்யா சொல்லவில்லை. இருவரும் ஒரே பாட்டைப் பட்டு, இருப்பதைப் பகிர்ந்து உண்பதே தவம் என்று காட்டினார். இல்லறம் நிலைப்பதும் இதனால்தான்.

முறிவது எதனால்? முதல் நாளே கணக்குப் பார்ப்பதனால். எத்தனை பவுன், என்ன வண்டி என்று பேசி முடித்த வீட்டில் பெண் மருமகளாக நுழைவதில்லை, பாக்கித் தொகையாக நுழைகிறாள். வரதட்சணையைச் சட்டம் 1961-லேயே தடுத்துவிட்டது. நம் வீடுகள் இன்னும் தடுக்கவில்லை. அடுத்தது குடி. அதற்கடுத்தது இரண்டு பக்கத்து உறவும் ஊதிவிடும் பேச்சு.

நம் பிச்சாவரத்துச் சுரபுன்னையைப் பாருங்கள். உப்புத் தண்ணீரிலேயே நிற்கிறது. ஆனால் உப்பில் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிட்டு நல்ல நீரை எடுத்துக்கொள்கிறது. புருஷன் பெண்டாட்டியும் அப்படித்தான் ஊர்ப்பேச்சை வாசலிலேயே நிறுத்த வேண்டும். அந்த மரத்தின் விதை கீழே விழுந்து முளைப்பதில்லை. தாய்மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு, நீண்டு, பக்குவம் வந்த பிறகே விழுகிறது. மரத்துக்குத் தெரிந்தது நமக்குத் தெரிய வேண்டாமா? பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று சட்டம் சொல்வது குறைந்த வயதுதான். மனம் பக்குவப்பட்டதா, சம்மதமா என்று பிள்ளையிடம் கேட்பது பெற்றவர் கடமை.

பொறுமை பெரிது என்று அய்யா போதித்தார். ஆனால் ஒடுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் சொன்னவரும் அவரே. அடி வாங்கி வந்த மகளை, "பொறுத்துப் போ" என்று திருப்பி அனுப்புவது பொறுமையும் அல்ல, தர்மமும் அல்ல. கதவைத் திறந்து உள்ளே அழைத்துச் சோறு போடுங்கள். 181 என்ற எண்ணில் அழைத்தால் அரசும் உதவும்.

இனி, கல்யாணம் வேண்டாம் என்கிறவர்கள். மருதூரில் பிறந்த வள்ளலாருக்கு 1850-ல் வீட்டார் வற்புறுத்தித் தமக்கை மகளை மணமுடித்து வைத்தார்கள். அவர் மனம் இல்லறத்தில் செல்லவில்லை. 1867-ல் வடலூரில் அவர் ஏற்றிய தருமசாலை அடுப்பைக் கொண்டாடுகிறோம்; அந்த அம்மையாரைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. விருப்பம் இல்லாதவரைக் கட்டாயப்படுத்தினால் ஒருவர் அல்ல, இருவர் வாழ்வு வீணாகிறது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் துறவியாகவே இருந்து, 1916-ல் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். தனக்கென்று பிள்ளை இல்லாதவரால் எத்தனை ஏழைப் பிள்ளைகள் படித்தார்கள்!

அதற்காகப் பொறுப்புக்குப் பயந்து ஒதுங்குவதைத் தனி வாழ்வு என்று சொல்லிவிட முடியாது. இரண்டு வாழ்வுக்கும் அளவுகோல் ஒன்றே. நாம் கூடும் இடத்துக்கு நிழல் தாங்கல் என்று பெயர். நிழல் கொடுக்க வேண்டும், தாங்க வேண்டும். உன் வாழ்வு யாருக்கு நிழல், யாரைத் தாங்குகிறது? பதில் இருந்தால் இல்லறமும் தர்மம், தனி வாழ்வும் தர்மம்.

ஆகவே பெற்றவர்களே, தனியாக இருக்கும் மகளைப் பாரம் என்று பேசாதீர்கள். குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. அவள் பங்கை உங்கள் காலத்திலேயே எழுதி வையுங்கள். நாளைக்கு அண்ணன் தம்பி வாசலில் அவள் நிற்க வேண்டியிராது.

பள்ளியறையில் அய்யா வைத்தது கண்ணாடி. அதன்முன் நிற்பவரைப் பார்த்து அது கல்யாணம் ஆயிற்றா, கணவர் இருக்கிறாரா, குழந்தை உண்டா என்று கேட்பதில்லை. எல்லோர் நெற்றியிலும் ஒரே நாமந்தான். பணிவிடைக்கு வருகிற பிள்ளைகளிடம் நாமும் அந்தக் கேள்விகளைக் கேட்காமல் இருப்போம்.

அய்யா உண்டு.